தெற்குச் சுவர்த் தகடு

கம்பைநல்லூர்,
11.8.2025

கமாண்டர் சந்திரமோகன் ஐயாவுக்கு,

பதினோரு பேர் உயிரைக் கொடுத்துக் கல் கொண்டுவந்து கட்டிய கோயிலை, மாலுமிகளே தங்கள் கையால் கட்டினார்கள் என்று நீங்கள் புத்தகம் போட்டிருக்கிறீர்கள். அந்தப் பதினோரு பேரின் பெயர் இருந்த பித்தளைத் தகட்டை, எழுத்தே இல்லாத வெறும் தகடு என்று எழுதியிருக்கிறீர்கள். இது பொய். தெரியாமல் எழுதிய பொய்யும் இல்லை. நான் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்த பிறகு எழுதிய பொய்.

புத்தகம் போன வாரம் தபாலில் வந்தது. அட்டை வழவழப்பாக இருக்கிறது. முன்பக்கம் கோயில், பின்பக்கம் வெள்ளை உடையில் நீங்கள். உள்ளே ஒரு சீட்டு: "சாலம்மாவுக்கு, அன்புடன்." எனக்கு எழுபத்து மூன்று வயது. உங்களைவிட ஆறு வயது மூத்தவள். சாலம்மாள் என்று கடைசியில் ஒரு எழுத்துச் சேர்த்திருந்தால் உங்கள் பேனா ஒன்றும் தேய்ந்திருக்காது.

நான் யாரென்று உங்களுக்கு மறந்திருந்தால் சொல்கிறேன். துறைமுகத்தின் கப்பற்படைத் தேவாலயத்தை முப்பத்தொரு வருடம் பெருக்கித் துடைத்தவள். 1979 முதல் 2010 வரை. என் வீட்டுக்காரர் கிருஷ்ணப்பன் அங்கே கப்பலுக்குச் சாயம் அடித்தார். கோயிலுக்கு நூற்றைம்பது வருடம் ஆகப்போகிறது, வரலாறு எழுதுகிறேன், தெரிந்ததை எழுதி அனுப்புங்கள் என்று இரண்டு வருடத்துக்கு முன் நீங்கள்தான் கேட்டீர்கள். நாற்பது பக்க நோட்டு முழுக்க எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

அந்த நோட்டில் உங்களுக்கு வேண்டியதெல்லாம் எடுத்துக்கொண்டீர்கள். கூரை கவிழ்த்துப்போட்ட கப்பல் மாதிரி இருப்பதை எடுத்துக்கொண்டீர்கள். மணி ஒரு உடைந்த கப்பலிலிருந்து வந்ததை எடுத்துக்கொண்டீர்கள். மழைக்காலத்தில் உத்திரத்திலிருந்து தார் வாசனை வரும் என்று அறுபத்தொன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்களே, அது என் மூக்கு. நீங்கள் மழைக்காலத்தில் அந்தக் கோயிலுக்குள் எத்தனை நாள் நின்றிருப்பீர்கள்?

பதினோரு பேரை மட்டும் விட்டுவிட்டீர்கள். நோட்டில் முதல் பக்கமே அவர்கள்தான். மறுபடி எழுதுகிறேன்: முனியன், சின்னப்பையன், மாரப்பன், கோவிந்தன், திருப்பதி, வெங்கடன், காளியப்பன், பச்சையப்பன், குப்பன், அப்துல், பெருமாள். மேலே பெரிய எழுத்தில், இக்கோயிலுக்குக் கல் ஏற்றிவந்த படகு முழுகி மாண்ட சேலம் ஜில்லா கல்வேலைக்காரர் என்று இருந்தது. அந்தக் கோயிலில் நாற்பது தகடு உண்டு. எல்லாம் இங்கிலீஷ். இது ஒன்றுதான் தமிழ்.

மாலுமிகள் கட்டினார்கள் என்ற பதினேழாம் பக்கத்தையும், வெறும் தகடு என்ற நாற்பத்து மூன்றாம் பக்கத்தையும் மாற்றுங்கள். போனில் இரண்டு தடவை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். கடிதமாவது உங்கள் மேசைமேல் கிடக்கும்.

சாலம்மாள்

*

கப்பற்படைத் தேவாலய வரலாற்றுக் குழு,
துறைமுகம்,
25.8.2025

சாலம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பாதிரியாருக்கும் ஒரு நகல் அனுப்பியிருக்கிறீர்கள். அது தேவையில்லாத வேலை. கோபத்தில் எழுதப்பட்ட கடிதம் என்பதால் அதிலுள்ள சில சொற்களை நான் பொருட்படுத்தவில்லை.

வரலாறு என்பது ஆதாரத்தின் மேல் நிற்பது. 1875-ல் கோயிலைத் திறந்தபோது வாசித்த அறிக்கை என்னிடம் இருக்கிறது. அதில் மாலுமிகளின் உழைப்பால் எழும்பியது என்று இருக்கிறது. படகு கவிழ்ந்த செய்தி எந்தப் பதிவேட்டிலும் இல்லை. நீங்கள் சொல்லும் தகட்டை 2018-ல் நானே உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒரு எழுத்துகூட இல்லை. கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. இல்லாத எழுத்தை இருந்ததாக நான் எப்படி எழுத முடியும்?

மேலும், உங்கள் நினைவின்படியே பார்த்தாலும் அதில் இருந்தது சேலம் ஜில்லா. அவர்கள் உங்கள் தருமபுரிப் பக்கத்து ஆட்கள் என்று நோட்டில் நான்கு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். தருமபுரி எங்கிருந்து வந்தது? ஊர்ப்பாசம் வரலாறு ஆகாது.

இந்தப் புத்தகத்துக்கு நான் ஏழு வருடம் உழைத்திருக்கிறேன். ஒருவரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. ஓய்வுபெற்றவன் வீட்டில் சும்மா இருந்திருக்கலாம். முகவுரையில் "பழைய பணியாளர்கள் சிலர்" என்று நன்றி சொல்லியிருக்கிறேன். அதில் நீங்களும் அடக்கம்.

சந்திரமோகன்

*

கம்பைநல்லூர்,
3.9.2025

கமாண்டர் ஐயாவுக்கு,

தருமபுரி எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். 1965 வரைக்கும் நாங்கள் சேலம் ஜில்லாதான். நான் பிறந்தபோதும் சேலம் ஜில்லாதான். கப்பல் ஓட்டியவருக்குத் திசை தெரிகிறது, ஜில்லா தெரியவில்லை.

ஆதாரம் கேட்கிறீர்கள். அந்தத் தகடுதான் நான் படித்த பள்ளிக்கூடம். 1979-ல் நான் அங்கே வேலைக்குச் சேரும்போது எனக்கு எழுத்துத் தெரியாது. கைநாட்டு. மற்ற தகட்டிலெல்லாம் எழுத்து வேறு மாதிரி இருக்கும், இதில் மட்டும் நம் ஊர் பஸ் போர்டில் பார்த்த மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வரும் தமிழ் மாலுமிகளிடம் ஆளுக்கு ஒரு எழுத்துக் கேட்பேன். இது என்னங்க தம்பி? மு. அப்புறம் அவன் போய்விடுவான். அடுத்தவன் வந்தால் அடுத்த எழுத்து. கப்பல் போய்விட்டால் மூன்று மாதம் ஒரே எழுத்தில் நின்றிருக்கிறேன். முனியனைப் படித்து முடிக்க ஒரு மழைக்காலம் ஆனது. பெருமாளுக்கு வந்தபோது என் பெரியவன் நடக்க ஆரம்பித்துவிட்டான். அப்போதே எழுத்து மங்கல்தான். வெயில் சாய்வாக விழுகிற நேரத்தில் விரலை வைத்துத் தடவித் தடவிப் படித்தேன். கண்ணாடி வைத்துப் பார்த்தவர் நீங்கள். விரல் வைத்துப் பார்த்தவள் நான்.

ஆயுத பூசைக்கு அந்தத் தகட்டுக்குச் சந்தனம் வைத்து, அன்றைய பாதிரியாரிடம் திட்டு வாங்கினேன். மறு வருடமும் வைத்தேன்.

பக்கத்து வீட்டு ஜான் பீயிடம் உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். என்னைவிட நான்கு வயது சின்னவள், வாய் மட்டும் பெரியது. "ஏங்க்கா, செத்து நூத்தம்பது வருசமான ஆளுங்களுக்கு இப்பிடி மல்லுக்கு நிக்கறீங்களே, உயிரோட இருந்தப்ப கிருஷ்ணப்பன் அண்ணனுக்காக ஒரு நாளாச்சும் பரிஞ்சு பேசிருப்பீங்களா?" என்றாள். "அவருக்குத்தான் பேசறதுக்கு வாய் இருந்துச்சேடி" என்றேன். "ம்க்கும், நீங்க இருக்கற வூட்ல அந்த மனுசன் எங்க பேசறது" என்று சொல்லிவிட்டுப் போனாள். போகும்போது, "அந்த ஆபீசர் கிட்ட ஒண்ணு கேளுங்க. அப்துல்னு ஒரு பேரு இருந்துச்சாமே, மாலுமிங்க கட்டுனா அப்துல் எங்கிருந்து வந்தான்?" என்று கேட்டாள். கேட்டுவிட்டேன்.

இப்போது எனக்கு இன்னொன்று தெரிய வேண்டும். இன்றைக்கு அங்கே பெருக்குகிற கலைமதி போனில் சொல்கிறாள்: தெற்குச் சுவரில் தகடு இல்லை, அந்த இடத்தில் நன்கொடை கொடுத்த அதிகாரிகள் பெயர்ப் பலகை மாட்டியிருக்கிறது, மூன்றாவது பெயர் உங்களுடையது. உங்கள் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. தகடு எங்கே?

சாலம்மாள்

*

துறைமுகம்,
16.9.2025

சாலம்மாளுக்கு,

சுவர்ப் பூச்சு வேலைக்காக ஜூன் மாதம் பழைய தகடுகள் சில எடுக்கப்பட்டன. எழுத்துள்ளவை திரும்ப மாட்டப்பட்டன. எழுத்தில்லாதவை, உடைந்த விளக்குகள், கதவுக் கைப்பிடிகள் ஆகிய பித்தளைப் பொருள்கள் ஸ்டோர் ரூமில் மூட்டையாக இருக்கின்றன. டிசம்பர் 14 விழாவுக்கு வரும் விருந்தினர்களுக்குக் கொடுக்க, அந்தப் பித்தளையை உருக்கிச் சிறிய நங்கூரங்கள் வார்க்கக் குழு முடிவு செய்திருக்கிறது. அக்டோபர் முதல் வாரம் வார்ப்பட்டறைக்குப் போகும். இதில் ஒளிவுமறைவு ஏதுமில்லை.

உங்கள் கடிதத்துக்குப் பிறகு நானும் விசாரித்தேன். உங்கள் காலத்தில் இருந்த பாதிரியார் இப்போது வயதாகி மகள் வீட்டில் இருக்கிறார். அவரைப் போய்ப் பார்த்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எல்லாத் தகட்டுக்கும் பாலிஷ் டப்பா கொடுத்திருந்தோம். சாலம்மா அந்த ஒரு தகட்டை மட்டும் புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்ப்பாள். வேண்டாம் என்றால் கேட்க மாட்டாள்."

வாரம் ஒரு முறை. முப்பத்தொரு வருடம். செங்கல் பொடி.

தகட்டில் பெயர்கள் இருந்தன என்றே வைத்துக்கொள்வோம். அவற்றை அழித்தது நானா? இந்தக் கேள்வியை நான் கேட்காமல் இருந்திருப்பேன். நீங்கள்தான் கேட்க வைத்தீர்கள். இனி இந்த விஷயமாக எழுத வேண்டாம்.

சந்திரமோகன்

*

கம்பைநல்லூர்,
24.9.2025

கமாண்டர் ஐயாவுக்கு,

எழுத வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு அதிகாரம் இல்லை. நான் உங்கள் கப்பலில் வேலை செய்யவில்லை.

ஆமாம். அழித்தது நான்தான்.

உங்கள் கடிதம் வந்து நான்கு நாள் கதவைத் திறக்கவில்லை. ஜான் பீ வந்து கதவைத் தட்டிவிட்டுப் போனாள். இந்த விஷயம் எனக்குத் தெரியாதது இல்லை. 1990 வாக்கிலேயே குப்பனும் அப்துலும் போய்விட்டார்கள். நான் அதைக் கறை என்று நினைத்தேன். இன்னும் அழுத்தித் தேய்த்தேன். டப்பா பாலிஷ் வெள்ளைக்காரன் தகட்டுக்கு, நம் ஆட்களுக்கு நம் வீட்டுக் குத்துவிளக்கைத் தேய்க்கிற மாதிரி தேய்க்க வேண்டும் என்று எனக்கு வீம்பு. புளிக்கும் செங்கல் பொடிக்கும் என் கைக்கும் தகடு தங்கம் மாதிரி மின்னும். அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். ஒரு மனுஷி இதைவிட முட்டாளாக இருக்க முடியாது. என் நோட்டில் நான் இதை எழுதவில்லை. மறைத்தேன். அது என் தப்பு.

ஆனால் நான் அழித்தேன் என்பதால் அவர்கள் கல் சுமக்கவில்லை என்று ஆகாது. நான் செய்தது தெரியாமல் செய்தது. நீங்கள் செய்வது தெரிந்து செய்வது. அந்த வித்தியாசத்தை அந்தப் பாதிரியாரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது சொல்வதைக் கவனமாகப் படியுங்கள்.

திங்கட்கிழமை அரூர் போனேன். அங்கே சர்தார் என்பவர் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். என் கல்யாணத்துக்கு வந்த பித்தளைக் குடம் ஒன்றை எடுத்துப் போயிருந்தேன். வெளியே பெயர் வெட்டியது தேய்ந்துபோய்விட்டது, மறுபடி வெட்டிக் கொடுங்கள் என்று கேட்டேன். அந்தத் தகட்டையே நினைத்துக்கொண்டிருந்ததால் குடத்தின் நினைவும் வந்தது. அவர் குடத்தை வாங்கி உள்ளே கையை விட்டுத் தடவினார். "ஆயா, பேரு எங்கயும் போவலைங்க. வெளிய தேஞ்சுது, உள்ள பாருங்க, முட்டிக்கினு நிக்குது. உளி வெச்சு அடிச்சா அடி இந்தப் பக்கம் எறங்குமில்ல" என்றார். என் கையைப் பிடித்து உள்ளே விட்டார். சா தெரிந்தது. ல தெரிந்தது. திருப்பிப் போட்ட மாதிரி இருந்தது, ஆனால் இருந்தது. கடையிலேயே உட்கார்ந்துவிட்டேன். "இன்னாங்க ஆயா, தலை சுத்துதா? சோடா சொல்லட்டா?" என்கிறார். ஐம்பது வருடமாக அந்தக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிறேன். உள்ளே கை விட்டுக் கழுவியிருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை.

அந்தத் தகடும் உளி வைத்து அடித்ததுதான். மெல்லிசுத் தகடு. தேக்குச் சட்டத்துக்குள் வைத்துச் சுவரில் அறைந்திருந்தது. அதன் பின்பக்கத்தை நானும் பார்த்ததில்லை, நீங்களும் பார்த்ததில்லை. நூற்றைம்பது வருடமாக ஒருவரும் பார்த்ததில்லை. ஒருவரும் தேய்த்ததும் இல்லை.

சட்டத்தைக் கழற்றுங்கள். தகட்டைத் திருப்புங்கள். கண்ணாடியைத் தூக்கிப் போட்டுவிட்டு விரலை வையுங்கள். ஒன்றும் இல்லாவிட்டால், நான் பொய் சொன்னேன் என்று அடுத்த பதிப்பில் என் பெயரைப் போட்டே எழுதிக்கொள்ளுங்கள்.

உருக்கப் போகிறீர்கள் என்றால் அதற்கு முன் எனக்குப் பதில் வர வேண்டும். கலைமதியிடம் சொல்லிவிட்டேன். மூட்டையைத் தூக்க வந்தால் ஸ்டோர் ரூம் வாசலில் உட்கார்ந்துகொள்வாள். அவளை வேலையை விட்டு நிறுத்தினால் அதற்கும் சேர்த்து எழுதுவேன்.

சாலம்மாள்

*

துறைமுகம்,
9.10.2025

மதிப்பிற்குரிய சாலம்மாள் அம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் 29-ம் தேதியே வந்துவிட்டது. நான் பிரிக்கவில்லை. கையெழுத்தைப் பார்த்து மேசையில் ஒதுக்கி வைத்தேன். 3-ம் தேதி காலை கலைமதி என் வீட்டு வாசலில் நின்றாள். அவளுக்கு ஓய்வு நாளன்று மூட்டை போய்விட்டது என்றாள். "படிச்சீங்களா சார், படிக்கலையா சார்?" என்று கேட்டாள். அவள் முன்னால் நின்றபடியே பிரித்துப் படித்தேன். அதன் பிறகு வார்ப்பட்டறைக்குப் போனோம். விளக்குகளும் கைப்பிடிகளும் உருகிவிட்டன. சட்டம் மரம் என்பதால், பிறகு கழற்றிக்கொள்ளலாம் என்று தகட்டை ஓரமாகச் சாத்தி வைத்திருந்தார்கள்.

அங்கேயே கழற்றினோம். பின்பக்கம் கறுத்துப் போயிருந்தது. விரல் வைத்தேன்.

பதினோரு பேரும் இருக்கிறார்கள், அம்மா. மெல்லிய தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து, முகம் பார்க்கும் கண்ணாடி முன் பிடித்துப் படித்தேன். மேலே உள்ள வாசகம் நீங்கள் எழுதியபடியே இருக்கிறது. ஒரே ஒரு பிழை: வெங்கடன் ஐந்தாவது, திருப்பதி ஆறாவது. நீங்கள் மாற்றி எழுதியிருக்கிறீர்கள். இதைச் சொல்லாமல் விட என்னால் முடியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தகட்டின் கீழ் ஓரம் ஒரு விரல் அகலத்துக்குச் சட்டத்தின் பள்ளத்துக்குள் இறங்கியிருந்தது. சட்டத்தைக் கழற்றியபோது, முன்பக்கத்திலேயே, நேற்று வெட்டியது போல ஒரு வரி தெரிந்தது. அதைத் தொட எந்தத் துணியும் எட்டியிருக்காது. லேசாகக் கீறிய வரி என்பதால் பின்பக்கம் புடைக்கவில்லை. பன்னிரண்டாவது பெயர்.

சித்தாள் திம்மி.

சட்டம் எப்போது போட்டது, தெரியாமல் மறைத்ததா தெரிந்து மறைத்ததா என்று எனக்குத் தெரியாது. எந்தப் பதிவேட்டிலும் இல்லை. "பதிவேட்டில் இல்லை" என்று உங்களுக்கு முன்பு எழுதியது நினைவிருக்கிறது.

உங்கள் நோட்டின் முதல் பக்கத்தை நான் அன்றே படித்தேன். பெருக்குகிற அம்மாவின் கதை என்று நினைத்தேன். மாலுமிகளே கட்டினார்கள் என்ற வரியை மேலதிகாரிகள் விரும்பினார்கள். எனக்கும் பிடித்திருந்தது. அந்த வரியைக் காப்பாற்ற உங்கள் பக்கத்தை விட்டேன். உருப்பெருக்கிக் கண்ணாடியோடு நின்ற இடத்தில் ஒரு திருப்புளியோடு நின்றிருக்கலாம்.

புத்தகம் எண்ணூறு பிரதி அச்சாகிவிட்டது. விழாவுக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது. என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள்.

சந்திரமோகன்

*

கம்பைநல்லூர்,
17.10.2025

கமாண்டர் ஐயாவுக்கு,

நன்றி சொல்வேன் என்று எதிர்பார்க்காதீர்கள். என் கடிதம் நான்கு நாள் உங்கள் மேசையில் பிரிக்காமல் கிடந்தது. சட்டமும் பித்தளையாக இருந்திருந்தால் பன்னிரண்டு பேரும் இன்றைக்கு உங்கள் விருந்தாளிகள் பையில் நங்கூரமாகப் போயிருப்பார்கள்.

வெங்கடன் ஐந்தாவது என்பதை ஏற்றுக்கொள்கிறேன்.

திம்மியைப் படித்ததும் எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. முப்பத்தொரு வருடம் அந்தச் சட்டத்தையும் சேர்த்துத்தான் துடைத்தேன். என் துணிக்கு அரை விரல் கீழே அவள் இருந்திருக்கிறாள். ஆயுத பூசைக்குப் பதினோரு பொட்டு வைத்தேன், எண்ணி எண்ணி. அவளுக்கு வைக்கவில்லை. ஜான் பீயிடம் சொன்னேன். அவள் விளையாட்டாக எதுவும் சொல்லவில்லை. "கல்லு அவளுந்தானேக்கா சொமந்திருப்பா" என்றாள்.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டீர்கள். எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள்: எண்ணூறு புத்தகத்திலும் பதினேழாம் பக்கத்துக்கும் நாற்பத்து மூன்றாம் பக்கத்துக்கும் திருத்தச் சீட்டு ஒட்ட வேண்டும். செருகி வைத்தால் விழுந்துவிடும், பசை போட்டு ஒட்ட வேண்டும். ஏற்கெனவே புத்தகம் வாங்கியவர்களுக்குச் சீட்டைத் தபாலில் அனுப்ப வேண்டும். சீட்டில் பன்னிரண்டு பெயரும் இருக்க வேண்டும். செங்கல் பொடி போட்டு அழித்தது சாலம்மாள் என்பதும் இருக்க வேண்டும். "பழைய பணியாளர்கள் சிலர்" என்று அதிலும் போட்டால் விடமாட்டேன்.

குழு: தெற்குச் சுவரில் உங்கள் பெயர்ப் பலகையைக் கழற்ற வேண்டும். வாசல் பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. இனி எந்தப் பித்தளையையும் திருப்பிப் பார்க்காமல் உருக்கக் கூடாது.

டாக்யார்டு தச்சர்கள்: தகட்டைத் திரும்பச் சுவரில் அறையக் கூடாது. முன்பக்கத்தைக் காட்டினால் பதினோரு பேர் போய்விடுவார்கள், பின்பக்கத்தைக் காட்டினால் திம்மி மறுபடி சுவருக்குள் போய்விடுவாள். இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி, ஓரத்தை மறைக்காத ஒரு கால் வைத்து, தெற்குச் சுவர் ஓரமாகத் தரையில் நிறுத்த வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கும் கை எட்டுகிற உயரத்தில்.

பாதிரியார்: டிசம்பர் 14 அன்று பன்னிரண்டு பெயரையும் வாய்விட்டுப் படிக்க வேண்டும். தமிழ் படிக்கத் தெரியாதென்றால் இப்போதே ஆரம்பிக்கட்டும். ஒவ்வொரு எழுத்தாக. நான் அப்படித்தான் படித்தேன்.

நான்: 12-ம் தேதி பொம்மிடியில் ரயில் ஏறுவேன். ஜான் பீயும் வருகிறாள், அப்துலுக்காக என்கிறாள். சந்தனம் கொண்டுவருவேன். ஒரே ஒரு பொட்டு, கீழ் வரிக்கு மட்டும். பாதிரியார் திட்டினால் திட்டட்டும்.

கலைமதி: அந்தத் தகட்டை அவள் தேய்க்கக் கூடாது. பாலிஷ் கூடாது, புளி கூடாது, ஈரத் துணிகூடக் கூடாது. கறுத்தால் கறுக்கட்டும். பச்சை பிடித்தால் பிடிக்கட்டும். யார் வந்து சொன்னாலும் தேய்க்கக் கூடாது. நானே வந்து கேட்டாலும் என் கையில் துணியைக் கொடுக்கக் கூடாது.

சாலம்மாள்